இதை வாசிப்பவர்

கணினித் திரையில் தோன்றும் ஒரு வசனத்தை யாராவது உண்மையில் வாசிக்கிறார்களா? பல வருடங்களாக நிரல் எழுதுகிறேன். இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. கண் படுவதற்கு முன்பே விரல் பொத்தானை அழுத்திவிடும் என்பதுதான் நான் கண்டது. நவமணி அக்காவுக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. வாசிப்பார்கள் என்றே கடைசிவரை சொன்னார்.

செய்தி வந்தபோது பருத்தித்துறையிலிருந்து திரும்பும் பேருந்தில் இருந்தேன். தொண்டைமானாற்றுப் பாலத்தில் காற்று யன்னலால் அடித்துக்கொண்டிருந்தது. அக்காவின் கணவர் அரியரட்ணம் மாஸ்ரர் போனில் சொன்னது பிடிபடாமல், திரும்பச் சொல்லும்படி கேட்டேன். "நவமணி மோசம் போயிட்டா, பிள்ளை," என்று அதே நிதானத்தில் இரண்டாம் தரமும் சொன்னார். காலையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கதிரையில் இருந்தவர் பிறகு எழும்பவேயில்லையாம்.

உங்களில் பலருக்கு அவரை நீதிமன்ற உரைபெயர்ப்பாளராகத் தெரியும். ஓய்வு பெற்ற பின்னர் யாழ்ப்பாண நகரில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்துக்கு வந்துபோனதை அறிந்தவர்கள் குறைவு. அவர் அங்கே என்ன செய்தார் என்று செத்தவீட்டில் பலர் என்னிடம் கேட்டார்கள். சொல்ல முயல்கிறேன். நிரலுக்குள் நாங்கள் வசனங்களை எழுதுவதில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு பெயர் மட்டும் கொடுப்போம். ஆங்கிலத்துக்கு ஒரு கோப்பு, சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என்று தனித்தனியே இருக்கும். திரைக்கு முன்னால் இருப்பவர் எந்த மொழியைத் தெரிவுசெய்தாரோ, அந்தக் கோப்பிலிருந்து நிரல் வசனத்தை எடுத்துக் காட்டும். தமிழ்க் கோப்பு அக்காவின் பொறுப்பு.

முதல்நாள் கொடுத்த வசனங்களில் ஒன்றையும் மொழிபெயர்க்காமல் என் மேசைக்கு வந்து நின்றார்.

"உது ஆருக்குச் சொல்லுறது, வத்சலா?"

"பாவிக்கிற ஆக்களுக்கு, அக்கா."

"ஆக்கள் எண்டு ஒருத்தரும் கோட்டுக்கு வந்ததில்லை. ஒவ்வொருத்தராத்தான் கூண்டிலை ஏறுவினம்."

நீதவான் சொல்வதை எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தே மொழிமாற்றிப் பழகியவர் அவர். எங்கள் கோப்பில் முகம் இல்லை. ஆகவே அதை எழுதிவைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வசனத்துக்கும் மேலே, நிரல் கவனிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பு வரியில், வாசிக்கப்போகிறவர் யார் என்று இருக்கும். "இதை வாசிப்பவர்: கடவுச்சொல்லை மறுபடியும் பிழையாக அடித்த எழுதுவினைஞர். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்." "இதை வாசிப்பவர்: கண்ணுக்கு மருந்து விட்ட தாயின் போனை வாங்கிப் பார்க்கும் மகள்." எனக்கு இது வீண்வேலையாகவே பட்டது. வேலையைக் கெடுக்காததால் விட்டுவிட்டேன்.

எல்லா மென்பொருளிலும் 'எதிர்பாராத பிழை ஏற்பட்டது' என்று ஒரு வசனம் இருக்கும். அதை எழுத மறுத்தார். "எதிர்பாத்திருந்தால் திருத்தியிருப்பியள்தானே. உதை ஏன் அந்தாளுக்குச் சொல்லுறியள்?" என்று கேட்டார். மறுநாள் கோப்பில் இப்படி இருந்தது: "எங்கள் பக்கத்தில் ஏதோ தவறிவிட்டது. நீங்கள் எழுதியவை அப்படியே இருக்கின்றன."

"அக்கா, அது பொய். பிழை வந்தால் எழுதினது எல்லாம் அழிஞ்சுபோகும்."

"அப்ப அழியாமப் பண்ணும்."

"வசனத்துக்காக நிரலை மாத்தச் சொல்லுறியளோ?"

"பின்னை? நான் சத்தியம் செய்து வேலை பாத்தனான். உமக்காகப் பொய் சொல்லேலாது."

எரிச்சலோடுதான் மாற்றினோம். அதற்குப் பின் எங்கள் படிவங்களில் யாரும் எழுதியதை இழந்ததில்லை. அவரிடம் இதைச் சொன்னபோது, "ஓம், கோப்பிலை அப்பிடித்தானே போட்டிருக்கு," என்றார்.

பெரிய சண்டை ஒரு கிளினிக்குக்காகச் செய்த வேலையில் வந்தது. குறித்த நாளில் வராத நோயாளிக்கு மறுநாள் காலையில் தானாகவே ஒரு குறுஞ்செய்தி போகும்படி அமைத்திருந்தோம். 'நேற்று நீங்கள் வரவில்லை' என்று தொடங்கும் செய்தி. அக்கா அதைத் தமிழில் எழுதித் தந்தார். ஆனால் தானாகப் போகக் கூடாது என்றார். "வராத ஆள் ஏன் வரேல்லை எண்டு உங்கடை புரோகிராமுக்குத் தெரியுமோ? செத்தவீட்டிலை போய் நிண்டு ஏன் வரேல்லை எண்டு கேப்பியளோ?" வராதவர்களின் பெயர்களை முதலில் தாதி பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்க வேண்டும் என்றார். அப்படியே செய்தோம். ஒன்று 'அனுப்புக'. மற்றது 'இவருக்கு இனி அனுப்ப வேண்டாம்'. அந்தப் பொத்தானுக்கு எங்கள் இளம் நிரலாளர் 'நோயாளி இறந்துவிட்டார்' என்று பெயர் வைத்திருந்தார். "உதை அழுத்துறதுக்கு ஆருக்கடா மனம் வரும்?" என்று அக்கா மாற்றினார்.

இரண்டாவது பொத்தானை அழுத்தியதும் திரையில் என்ன வரவேண்டும் என்ற கேள்வி மிஞ்சியிருந்தது.

"'முடிந்தது' எண்டு போட்டால் காணாதோ, அக்கா?"

"எது முடிஞ்சது?"

குறிப்பு வரியில் அவர் எழுதியது இது: "இதை வாசிப்பவர்: அழுத்திய தாதி. அந்த நோயாளிக்கு மாதாமாதம் பிறஷர் பார்த்தவர். அவருக்கும் கை கனக்கும்." அதன் கீழே ஒரு சிறு பந்தி. அதை ஒருவரும் வாசிக்கப்போவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சிரித்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

அதே கிளினிக்கில் பிறகு அவரும் நோயாளியானார்.

அடக்கம் உடுவிலில் நடந்தது. ஜெபம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தபோது மாஸ்ரருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அக்காவின் போன் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தரமும் எடுத்து, "ஓம், நவமணியின்ரை போன்தான்," என்று தொடங்கி முழுவதையும் சொன்னார். நிறுத்திவைக்கலாமே என்றேன்.

"கிடக்கட்டும், பிள்ளை. அவவை எண்டு ஆரோ தேடுகினம்." போனை மீண்டும் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "இண்டைக்கு அவவுக்குக் கிளினிக். உடுத்திக்கொண்டு போறதுக்குச் சீலை எடுத்து வைச்சிருந்தவ," என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இன்று அவர் போகவில்லை. நாளை காலை வராதவர்களின் பெயர்களோடு அவருடைய பெயரும் தாதியின் திரையில் வரும். காலையில் கிளினிக்கில் நிற்கும் கூட்டத்தை நான் அறிவேன். பெயர்களைப் பாராமல் 'அனுப்புக' பொத்தானை வரிசையாக அழுத்திக்கொண்டு போவதை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். அழுத்தினால், அக்கா தன் கையால் எழுதிய வசனம், 'நேற்று நீங்கள் வரவில்லை' என்று, அந்தச் சட்டைப்பைக்குள் வந்து விழும். கிளினிக்கின் பதிவுகளில் கைவைக்க எங்களுக்கு உரிமை இல்லை. அவர்கள் அன்றைய வேலை முடிந்து கதவைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மாஸ்ரரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் குறிப்பு வரியைத்தான். இப்போது நானும் எழுதுகிறேன். அவருடைய நம்பிக்கை எனக்கு வந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். எழுதாவிட்டால் அடுத்த வரி வருவதில்லை, அவ்வளவுதான். தமிழ்க் கோப்பை இனி யாரிடம் கொடுப்பது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. அலுவலகத்தில் அவருடைய கதிரையில் யாரோ குடையை வைத்திருந்தார்கள். எடுத்து வேறிடத்தில் வைத்தேன்.

அடக்கத்துக்கு அடுத்தநாள் நடந்தது இது. கிளினிக் திறக்கும் நேரத்துக்கு அழைத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. மீண்டும் மீண்டும் அழைத்தேன். கடைசியில் தாதியே திருப்பி எடுத்தார்.

"மிஸ், நவமணி ரீச்சரின்ரை பேர் வந்திருக்கு," என்றார். நீதிமன்றத்தில் வேலை பார்த்தவரை அங்கே ரீச்சர் என்றுதான் அழைத்தார்கள்.

"அனுப்பிட்டீரோ?"

"இல்லை. மோசம் போனதெண்டு கேள்விப்பட்டனான். பேரைக் கண்டவுடனை கை நிண்டிட்டுது. மற்றதை அழுத்தினன். இப்ப ஒண்டு வந்து நிக்குது."

"என்ன போட்டிருக்கு?"

அவர் வாசித்தார். "இவருக்கு இனி எங்களிடமிருந்து அறிவித்தல் போகாது. இவர் உங்களுக்கும் தெரிந்தவராக இருந்திருப்பார். அவசரம் இல்லை. ஆயத்தமானதும் அடுத்த பெயருக்குப் போங்கள்."



"உது எனக்கோ எழுதிக் கிடக்கு, மிஸ்?"

"ஓம், உமக்குத்தான்."

"ஆர் எழுதினது?"

"அவதான்."

அந்தப் பக்கத்தில் யாரோ இலக்கம் கேட்டுச் சத்தம் போட்டார்கள். "கொஞ்சம் பொறுங்கோ ஐயா," என்று தாதி அவர்களுக்குச் சொன்னது கேட்டது. பிறகு போனை வைத்தார்.

மாஸ்ரரின் சட்டைப்பைக்கு அன்று கிளினிக்கிலிருந்து ஒன்றும் போகவில்லை.