ஒரு துளிக் குருதிக்காகக் காத்திருந்தோம்

அடிபட்ட பல் கறுத்துவிட்டால் பிடுங்குவது ஒன்றே வழி என்று எங்கள் பகுதியில் பலரும் நம்புகின்றனர். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். அந்நம்பிக்கையால் இன்னொரு குழந்தை பல்லை இழக்கலாகாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஈராண்டுக்கு முன் சம்பா அறுவடை முடிந்த நேரம். திருநள்ளாற்றை அடுத்த எங்கள் சிற்றூரில் சாலையின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மிதிவண்டியில் வந்த என் எட்டு வயதுப் பேத்தி நெல்லில் சறுக்கி, அதைச் சுற்றி வைத்திருந்த கருங்கல்லில் முகம் மோத விழுந்தாள். மேல்வரிசை முன்பல்லின் முனை உடைந்தது. நெல்லுக்குரிய உழவரே அவளைத் தூக்கிவந்தார். "ரோடு என்ன உங்க களத்து மேடா?" என்று என் மகன் சீறினான்.

வலி அடங்கியதால் நாங்களும் வாளாவிருந்தோம். சில திங்களில் பல் கறுத்தது, ஈறு சீழ்வைத்தது. காரைக்காலில் பல் மருத்துவரிடம் சென்றோம்.

"பிடுங்க வேணாங்க ஐயா. இது பால்பல்லு விழுந்து முளைச்ச பல்லு, போனா திரும்ப வராது. உள்ள நரம்பு செத்துப்போச்சு. வேரு இன்னும் முழுசா வளரல. வளர வச்சுப் பாக்கலாம்" என்றார் அந்த அம்மையார்.

முதலில் பல்லின் உட்குழியைத் தூய்மை செய்து மருந்து வைத்தார். சில வாரங்கள் கழித்து, மூடாதிருந்த வேர்நுனிக்கு அப்பால் மெல்லிய ஊசியால் தீண்டிக் குருதியை வரவழைக்க வேண்டும். அது குழிக்குள் உறைந்தால் அதைப் பற்றிப் புதுத்திசு வளரக்கூடும். "ரத்தம் வந்தாத்தான் வேலை. வந்தாலும் உறுதின்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

குருதி வரவழைக்க வேண்டிய நாளன்று, ஊரில் கேள்விப்பட்டு, எங்களுக்கு முன்பே அவ்வுழவர் மருத்துவமனை வாயிலில் நின்றிருந்தார். மகன் முகங்கொடுக்கவில்லை. மருமகள் குழந்தையுடன் உள்ளே இருந்தாள். நேரம் சென்றது. உழவர் பொறுக்கமாட்டாமல் கதவருகே போய், "அம்மா, ரத்தம் வந்துச்சாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் வரலண்ணே" என்றாள் மருமகள் உள்ளிருந்தபடி.

காத்திருந்த மூதாட்டி ஒருவர் திகைத்தார். "ரத்தம் நிக்கணும்னுதான் வேண்டிக்குவாங்க. இந்த மனுசன் வரணும்ங்கிறாரே."

என் மகன் சிரித்துவிட்டான். சற்று நகர்ந்து, "உக்காருங்கண்ணே" என்றான். இருவரும் ஒரே பலகையில் அமர்ந்தனர். சிறிது நேரத்தில் உள்ளிருந்து மருமகளின் குரல் கேட்டது: "வந்துடுச்சுங்க." உழவர் கைகூப்பினார். மகன் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

ஓராண்டு கடந்து எடுத்த எக்ஸ்ரே படத்தில் வேர் நீண்டு, நுனி குறுகியிருந்தது. பேத்தி படத்தை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம்தான் ஓடினாள். சாலையில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தவர், படத்தை வெயிலில் உயர்த்திப் பார்த்தார்.

"இத்தனூண்டு வேருக்கா அன்னிக்கு அப்படி உக்காந்திருந்தோம்?"

அவர் நெல்லைச் சுற்றி அப்போது கற்கள் இல்லை, வைக்கோற்புரிகளே கிடந்தன.

பட்டுப்போனதென்று நாங்கள் கைவிட இருந்தது பல் மட்டுமன்று என்பதை அவரைக் காணுந்தோறும் உணர்கிறேன். நான் மருத்துவம் கற்றவன் அல்லன். சிகிச்சையை விளக்கியதில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்துக. அவ்வுழவரைக் குறைத்துச் சொல்லியிருந்தால், அதை எங்கள் ஊரார் திருத்துக.