பால் சேர்ப்பதில்லை

எங்கள் கம்பெனி வளைய மிட்டாயின் உறையில் ஒரு போன் நம்பர் இருக்கும். சந்தேகம் உள்ளவர்கள் கூப்பிடலாம். எடுப்பது, ஆபீசில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி, அதே போன். பக்கத்து நாற்காலியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுபவள் நான்.

பாதிப் பேருக்கு ஒரே கேள்விதான்.

"நடுவுல ஏம்மா ஓட்டை? ஓட்டைக்கும் சேத்துத்தானே காசு வாங்கறீங்க?"

"ஓட்டை இனாம் சார். வச்சுக்குங்க" என்பார் அக்கா. அப்புறம், என்னென்ன போடுகிறீர்கள், எலும்பில் எடுக்கிற ஜெலட்டின் உண்டா, நாக்கு சிவக்கிறதே அது என்ன சாயம் என்று வரும். எல்லாவற்றுக்கும் மேனேஜர் கையெழுத்துப் போட்ட ஓர் அட்டை உண்டு. சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, சிட்ரிக் அமிலம், வாசனை, நிறம். அட்டையில் இல்லாததைச் சொல்லக் கூடாது.

ஒரு பெண் மட்டும் மாதம் தவறாமல் கூப்பிடுவாள். அவளுடைய மகளுக்குப் பால் ஆகாது. ஒரு சொட்டு பட்டாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அந்தக் குழந்தைக்குக் கொடுக்கத் துணிந்த ஒரே மிட்டாய் எங்களுடையது.

"பாலு எதுவும் சேக்கலையேக்கா?"

"இல்லம்மா, தைரியமா குடு."

இந்த வருடம் அதே மெஷினில் பால் மிட்டாயும் ஓட ஆரம்பித்தது. காலையில் அது, மத்தியானம் வளையம். நடுவில் வெந்நீர் ஊற்றிக் கழுவுவதோடு சரி. பாகு காய்ச்சுகிறவர் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னதும் அக்கா எச்சில் கையோடு மேனேஜரிடம் ஓடினார். நானும் பின்னால் போனேன்.

"பால் சேக்கறீங்களான்னுதானே கேக்கறாங்க? நாம சேக்கறோமா? இல்ல. அப்புறம் என்ன?" என்றார் மனுஷன். "பழைய உறை மூட்டை மூட்டையா கெடக்கு. அது தீரட்டும், அட்டைய மாத்தலாம். அதுவரைக்கும் வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க."

படுபாவி! என்ன சாமர்த்தியம் பாருங்கள். அக்கா வாயை மூடிக்கொண்டார். கணவர் பக்கவாதத்தில் கிடக்கிறார், அக்காவின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. நானும் மூடிக்கொண்டேன். எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை.

அந்த மாதமும் அவள் கூப்பிட்டாள். அக்கா அட்டையைப் பார்த்துப் படித்தார்: "பால் சேர்ப்பதில்லை." அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் சந்தோஷமாக "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். மகளுக்கு மூச்சுக் குழாய் போட்டிருந்தார்கள். அவள் அழுதுகொண்டே கத்திப் பேசியது எனக்கே கேட்டது.

"உங்க மிட்டாய் இல்லன்னு எனக்குத் தெரியும்க்கா. டாக்டர்தான் நம்ப மாட்டேங்கறாரு. வேற எதுல பால் பட்டுச்சுன்னு வீடு பூரா தேடிட்டு இருக்கோம். நீங்களே அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நின்றிருந்தார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வேற எங்கயும் தேடாதம்மா. எங்க மெஷின்லதான் பால் மிட்டாய் ஓடுது. நீ கேட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும்."



"உங்களக் கேட்டுட்டுத்தானேக்கா குடுத்தேன்?" என்றாள் அவள். போன் வைக்கப்பட்டது.

அக்காவின் வேலை அன்று மாலையே போயிற்று. அதற்கு அவர் அழவில்லை. மாதம் பிறந்தால் எனக்குப் போன் செய்து, "அந்தப் பொண்ணு பேசினாளா?" என்று கேட்கிறார். இல்லை என்கிறேன்.