மணப்பெண்ணின் வலது கை

காத்தான்குடியில் மணப்பெண்களுக்குக் கையுறை தைப்பவள் றபீக்கா. குவைத்தில் கலியாண உடுப்புக் கடையொன்றில் இருந்தபோது பழகிய வேலை. அவள் ஊருக்குத் திரும்பிய சில வருடங்களிலேயே, முழங்கை வரை ஏறும் வெள்ளை லேஸ் கையுறை இல்லாத பெண்ணைப் பெரிய வீட்டுப் பெண்ணென்று யாரும் மதிக்காத அளவுக்கு அது நாகரிகமாகிவிட்டது.

அடுத்த வீட்டு வளவுக்கு முப்லிஹா குடிவந்ததோடு எல்லாம் மாறியது. றபீக்காவின் கணவனுடைய தம்பி மனைவி அவள். மருதோன்றி போடுவதில் கெட்டிக்காரி. அவள் பூவும் கொடியும் இழுத்த கையை மூடிவைக்க எந்தப் பெண்ணுக்கும் மனம் வரவில்லை. முப்லிஹாவின் வாசலில் செருப்புகள் கூடக்கூட, றபீக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் ஏறாவூரிலிருந்து, கலியாணம் நிச்சயமான ஸஹீதா வந்தாள். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பவள்.

"ராத்தா, மெல்லிய நெட்டுத் துணியில தைச்சுத் தாங்க. முப்லிஹா ராத்தாட மருதோண்டி வெளிய தெரியணும்."

"ஓம் மகள்" என்றாள் றபீக்கா. ஆனால் தடித்த சாட்டின் வாங்கி, உள்ளுக்கும் துணி கொடுத்துத் தைத்தாள். நூலளவு சிவப்பும் வெளியே தெரியக்கூடாது.

கலியாணத்தன்று, "நெட் கிடைக்கல்ல மகள்" என்று தானே மாட்டிவிட்டாள். பக்கத்தில் நின்ற முப்லிஹாவின் முகம் வாடியது. றபீக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மேடையில் ஸஹீதா வலது கையுறையைக் கழற்றி, இடது கையில் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்த்தாள். றபீக்கா ஓடிப்போனாள்.

"என்ன மகள், ஏன் கழட்டின?"

"ஐரோப்பாவுல பழைய ஓவியங்கள்ல பெரிய இடத்துப் பொம்புளையள் இப்பிடித்தான் ராத்தா நிப்பாங்க. ஒண்டப் போட்டு, மத்தத புடிச்சிக்கிட்டு. கிளவுஸ் போட்டா, வேல செய்யத் தேவையில்லாத கை. கழட்டி வெறுங்கையக் குடுத்தா, ஒன்ன நம்புறன் எண்டு அர்த்தம். அவருக்கு இந்தக் கையத்தான் குடுக்கப் போறன்."

வெள்ளை சாட்டினுக்குப் பக்கத்தில் மருதோன்றிச் சிவப்பு முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது.

அந்தப் படம் பேஸ்புக்கில் ஊர் முழுக்கச் சுற்றியது. மருதோன்றி போட்டது யாரென்றே எல்லாரும் கேட்டிருந்தார்கள். தன் கையுறையைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்காதா என்று றபீக்கா தேடிக்கொண்டே போனாள். ஒன்றுதான் இருந்தது, அதுவும் முப்லிஹா எழுதியது: "வடிவான கிளவுஸ் எங்கட றபீக்கா ராத்தா தைச்சது." பிச்சை போட்டதுபோல் சுட்டது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தப் படத்தைக் காட்டியே பெண்கள் வரத் தொடங்கினார்கள். சாட்டின்தான் வேண்டும், வலது கையுறை சுலபமாகக் கழற்ற வரவேண்டும் என்றார்கள். றபீக்கா மணிக்கட்டில் முத்துப் பொத்தான் வைத்துக் கொடுத்தாள். இங்கே அளவு கொடுத்தவள் அங்கே போய் மருதோன்றிக்கு நாள் குறித்தாள். இருவருக்கும் வேலை கூடியது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல்நாள் முப்லிஹா மருதோன்றிக் கூம்போடு வந்தாள்.

"கையத் தாங்க ராத்தா. உங்களுக்குப் போட்டுட்டுத்தான் மறுகா மத்தவங்களுக்கு."

"எனக்கு வேல இரிக்கு."

முப்லிஹா கூம்போடு திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டில் பெண்பிள்ளைகளின் சிரிப்பு எழுந்தது. அது காதில் விழாமலிருக்க றபீக்கா மெசினை வேகமாக மிதித்தாள். நூல் அறுந்தது. மறுபடி கோக்கும்போதும் சிரிப்பு கேட்டுக்கொண்டுதான் இருந்தது.