ஓரவஞ்சனை இல்லாத கை

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவிக்கும் எனக்கும் ஒரே சண்டைதான். இந்தப் பிரபஞ்சத்தை ஒருவர் படைத்தாரா, அது தானாக வந்ததா?

"இந்தக் கிரைண்டரையே யாரோ செஞ்சாத்தானுங்க வருது. இத்தனை பெரிய உலகம் தானா வந்துருமா?" என்பாள், மாவு அரைத்தபடி.

"சரி, அந்தச் சாமியைச் செஞ்சது யாரு?"

"அரைச்சு முடிச்சுட்டுச் சொல்றேனுங்க."

இன்னும் அரைத்து முடித்தபாடில்லை. நானும் விடுவதில்லை. எல்லாம் தற்செயல், பின்னால் ஒருவரும் இல்லை என்று காந்திபுரம் டவுன் பஸ் நெரிசலில்கூடப் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

போன வருடம் மகள், தன்னோடு வேலை பார்க்கும் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். எனக்குச் சம்மதம். மனைவியோ ஊர்க் கோயிலில் பூக் கேட்டுவிடலாம் என்றாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் மடித்து அம்மன் முன் வைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள். சிவப்பு வந்தால் பேச்சு அதோடு முடிந்தது. மகள் மறுத்துப் பேசவில்லை. ஆனால் தட்டில் சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள்.

கோயிலில் இரண்டு நிற அரளியையும் மனைவி என்னிடம் நீட்டினாள்.

"உங்களுக்குத்தான் நம்பிக்கையே இல்லீங்களே. நீங்களே மடிச்சு வைங்க, ஓரவஞ்சனை இருக்காது."

பூசாரியும் தலையாட்டினார்.

தற்செயலின் பரம பக்தனான நான் தூணுக்குப் பின்னால் போய், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்து மடித்தேன். சிவப்பு என் சட்டைப் பைக்குள் போனது. உலகம் எப்படி வேண்டுமானாலும் வந்திருக்கட்டும், என் மகள் வாழ்க்கையைத் தற்செயலிடம் விட எனக்கு மனசு வரவில்லை.

மனைவி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. மகள் அங்கேயே அழுதுவிட்டாள்.

"பாத்தீங்களா? பின்னாடி ஒருத்தர் இல்லாம இதெல்லாம் நடக்குமாங்க?"

"ஒருத்தர் இருக்காருதான்" என்றேன். இத்தனை வருடத்தில் நான் முதல்முறையாகத் தோற்ற இடம் அது.

மகள் பையனுக்குப் போன் செய்ய ஓடினாள். வெளியே செருப்பு மாட்டும்போது, இரண்டாவது பொட்டலத்தை மனைவி பிரிக்காமலே என் கையில் வைத்தாள். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து வாங்குகிறவள் அவள்.

"இதைப் பிரிச்சுப் பாக்கலியா?"

"எதுக்குங்க? நல்லது நடந்தா கும்புட்டுக்குவேன். செஞ்சது யாருன்னு நோண்ட மாட்டேன்" என்றவள், என் சட்டைப் பையைப் பார்த்தாள். "மொதல்ல அந்தச் செவப்பரளிய எடுத்துப் போடுங்க. வெள்ளைச் சட்டை. கறை புடிச்சுப்போச்சுன்னா நான்தானுங்க தொவைக்கோணும்."