என் பாட்டுக்குக் கைதட்டியவர்

எனக்குப் பாட வராது என்று இதுவரை பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒப்புக்கொண்டதில்லை. பாட்டு என் வாயிலிருந்து நன்றாகத்தான் புறப்படுகிறது. போய்ச் சேருகிற இடத்தில்தான் ஏதோ ஆகிவிடுகிறது.

முதலில் சொன்னவர் எங்கள் சங்கீத டீச்சர். கண்டி டவுனில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, நவராத்திரி வாணி விழாவுக்காகப் பதினைந்து பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டுப் பழக்கினார். முதல் நாளே ஒவ்வொருவராகச் சோதித்தார். என் முறை வந்ததும் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தி, "இதுல நில்லுங்க மகள்" என்றார். நின்றேன். அடுத்ததை அழுத்தி, "இப்ப மேல வாங்க" என்றார். வந்தேன். டீச்சரின் முகத்தைப் பார்த்தால் நான் எங்கேயும் வந்ததாகத் தெரியவில்லை. மேல் என்றால் என்ன, கீழ் என்றால் என்ன? எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான்.

"நீங்க சத்தம் வராம வாய மட்டும் அசைங்க மகள். பாக்க அழகா இருக்கும்."

இரண்டு வாரம் வாயை அசைத்தேன். வயிறு எரிந்தது. அந்தப் பதினைந்து பேரில் நான்கு அடிகளும் தலைகீழ்ப் பாடம் எனக்கு மட்டும்தான். வரி மறந்தவர்கள் என் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பாடினார்கள். சொல் என்னுடையது, சத்தம் அவர்களுடையது. இது எந்த ஊர் நியாயம்?

விழா அன்று அப்பா வந்திருந்தார். மாநகர சபையில் எழுதுவினைஞர். அரை நாள் லீவு போட்டுவிட்டு, மடித்த குடையோடு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். மனிதர் லீவு போட்டு வந்தது என் வாயசைவைப் பார்க்கவா?

இரண்டாவது வரியிலிருந்து ஆரம்பித்தேன். மற்றப் பதினான்கு பேருக்கும் சேர்த்துப் பாடினேன். பக்கத்தில் நின்றவள் தடுமாறினாள், அடுத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. டீச்சரின் விரல்கள் என்னைத் தேடி ஆர்மோனியம் முழுவதும் ஓடி, கிடைக்காமல் நின்றுவிட்டன. ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். நான் மூடவில்லை. மண்டபமே சிரித்துக்கொண்டிருந்தது, பாடசாலை அதிபர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நான் முறைத்துக்கொண்டே நான்காம் அடி வரை பாடி முடித்துவிட்டுத்தான் கும்பிட்டேன்.

அப்பா எழுந்து நின்று கைதட்டினார். அவர் மட்டும்தான்.

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது என் தலையைத் தடவினார். "நல்லாத்தான் பாடின புள்ள. ஏன் சிரிச்சாங்கன்னே எனக்கு வெளங்கல. மத்தவங்க பாடுனதுக்கும் நீ பாடுனதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல."

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. "பொய்! பொய் சொல்றீங்க! சிரிச்சவங்களே பரவாயில்ல!" என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிரித்தவர்கள் மீதான கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அப்பா மீதான கோபம் ஆறவில்லை. டீச்சராவது என் முகத்துக்கு நேரே சொன்னார். இவர் என்னைப் பாவம் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எந்த விழா அழைப்பிதழையும் அவரிடம் கொடுக்கவில்லை. கேட்டால், பெற்றோர் வரத் தேவையில்லை என்று சொல்லிவிடுவேன். அவரும் நம்பினார்.

பல வருடம் கழித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, மடவளையிலிருந்து வந்து மருத்துவம் படித்த தோழி ஒருத்தி தன் ஆய்வுக்காக என்னைப் பிடித்து உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டினாள். இரண்டிரண்டு சத்தம் வரும்; எது உயரம் என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில்தான் சொன்னேன். முடிவைப் பார்த்தவள் சிரிக்கவில்லை.

"ஒன்ட காதுல ஒரு பிழையுமில்ல" என்றாள். காதுக்கு உட்பக்கம் மூளையில் ஒரு பகுதி இருக்கிறதாம். தாழ்ந்த சத்தத்துக்கு ஒரு கூட்டம் நரம்புச் செல்கள், உயர்ந்ததற்கு இன்னொரு கூட்டம். சத்தம் ஏறினால் துடிப்பவை சில, இறங்கினால் துடிப்பவை சில. என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் செல்கள் சின்ன மாற்றத்தைக்கூடக் கவனிக்கின்றனவாம். கவனித்த செய்திதான் நமக்குத் தெரியும்படி வந்து சேருவதில்லை. கடிதம் கண்டித் தபாற்கந்தோர் வரை வந்தும் வீட்டுக்கு வராத மாதிரி.

அப்படியென்றால் டீச்சர் சொன்னது சரியில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். "ஊட்ல வேற ஆருக்கும் இப்பிடி ஈக்கா? இது குடும்பத்துல வாறது."

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அம்மா சிரித்தார். "வேற யாரு, உங்க அப்பாதான். கோயில் பஜனையில அவர பாடவே விடமாட்டாங்க. கையில தாளத்தக் குடுத்து ஓரமா உக்கார வெச்சிருவாங்க. ஏன்னு இன்னைக்கும் அவருக்குத் தெரியாது."

நான் இன்றும் பாடுகிறேன், சத்தமாகவே. யார் காதைப் பொத்தினாலும் எனக்குக் கவலையில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் என் பாட்டை நல்ல பாட்டாகவே கேட்ட ஒரு மனிதர் இருந்தார் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. அவரைத்தான் ஒரு பஸ் முழுக்கக் கேட்கும்படி பொய்யர் என்று கத்தினேன்.