உப்பால் போட்ட கோடு

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஸ்டாப்பில் பாண்டிச்சேரி பஸ்ஸுக்காக நிற்கிறேன். ஊரார் சேர்ந்து இங்கே ஒரு சிமென்ட் பெஞ்ச் கட்டுகிறார்கள். இடத்தை முடிவு செய்திருப்பது, வேலை முடிந்து தினமும் இங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் உப்பளப் பெண்கள். மதிய நிழல் விழும் இடத்தைப் பார்த்து, கைக்குக் கிடைத்த உப்பைத் தூவியே கோடு போட்டிருக்கிறார்கள்.

கொத்தனார் தலையில் கை வைக்கிறார். "உப்பு மேல கான்கிரீட் போட்டா கம்பி துருப் புடிச்சிடும்மா. அந்தாண்ட போட்டுடறேன்."

"அந்தாண்ட வெயிலு. காயறதுக்கு நாங்க என்னா கருவாடா?" என்கிறார் அவர்களில் ஒருவரான செல்வி.

பெண்களே உப்பை மேல்மண்ணோடு வாரித் தள்ளுகிறார்கள். கோடும் போய்விடுகிறது. உடனே செல்வி எல்லோரையும் அதே நிழலில் வரிசையாக உட்கார வைக்கிறார்.

"இப்போ எங்களச் சுத்திக் கோடு போடுப்பா."

கொத்தனார் சிரித்துக்கொண்டே சுண்ணாம்புத் தூளை எடுக்கிறார். வரிசையின் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

"அந்த இடம் யாருக்குங்க?" என்று கேட்கிறேன்.

"உங்கள மாதிரி வர்றவங்களுக்குத்தான். வந்து உக்காருங்க சார், அளவெடுக்கணும்" என்கிறார் செல்வி.

உட்காருகிறேன். வெள்ளைக் கோடு என்னையும் சுற்றிக்கொண்டு போகிறது.