விற்பனைக்கில்லாத பூட்டு

பின்னாலிருக்கும் சாக்கு மூட்டையில் சாய்ந்துகொண்டு, வலது காலை மடக்காமல் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியபடியே பித்தளைக் குழாய்க்கு விலை சொல்கிறார் அபிகாயில் அக்கா. கணுக்காலில் பேரனுடைய பழைய பள்ளிக்கூட சாக்ஸ் ஒன்றைக் கட்டியிருக்கிறார். அதற்குள் இரண்டு கனத்த பூட்டுகள், பாதி வெளியே தெரிய. குழாய் வாங்க வந்தவருக்கோ அவற்றின் மேல்தான் கண்.

"அந்தப் பூட்டு எவ்ளோக்கா?"

"அது விக்கிறதுக்கு இல்ல சார், அது மருந்து. நீ கொயாவப் பாரு."

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவருடையது தரையில் தார்ப்பாய் விரித்த கடை. கீல், தாழ்ப்பாள், குழாய், கைப்பிடி என்று இடித்த வீடுகளிலிருந்து வந்த சாமான்கள் பரப்பிக் கிடக்கும். ஒவ்வொரு கீலையும் காதோரம் வைத்துத் திறந்து மூடிப் பார்ப்பார். சத்தம் பிடிக்காவிட்டால் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. யாராவது தப்பித் தவறி "பழசுதானே" என்று சொல்லிவிட்டால் போச்சு. "பழசு இல்ல, பழகுனது" என்று திருத்தாமல் விடமாட்டார்.

கதவுகளின் கீலைக் கவனித்தவர் தன் முட்டியைக் கவனிக்கவில்லை. காலையில் தரையில் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுப்பிவிட ஆள் வேண்டும் என்ற நிலை வந்தது. பக்கத்தில் பழைய மின்விசிறி விற்கும் பொன்னுரங்கம்தான் அந்த ஆள். கையைப் பிடித்து "ஐலசா" போட்டுத் தூக்குவார். நாலு பேர் சிரிப்பார்கள், அக்காவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் நடுவில் எழ வேண்டி வருமே என்று பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியாது.

போன வருடம் ஒருவன் நல்ல கனமான குழாய் ஒன்றைக் கையில் எடுத்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். குழாயோடு அப்படியே போய்விட்டான்.

"ஓடிகினு போயிருந்தா கூட மனசு ஆறியிருக்கும். நடந்து போறான்யா. இவளால எந்திரிக்க முடியாதுன்னு தெரிஞ்சிகினு நடந்து போறான்."

விஷயம் மகன் பிரிட்டோவின் காதுக்குப் போனது. "போதும்மா, கடைய வுட்டுடு. நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் பாசத்தில்தான் சொன்னான். அதனால்தான் அக்காவுக்கு அழுகை வந்தது. புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிய தார்ப்பாய் அது. அதைச் சுருட்டி வைத்துவிட்டு மகன் வீட்டு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கு மனமில்லை. கெஞ்சிக் கூத்தாடி அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் தவணை வாங்கினார். அதற்குள் சந்தையில் யார் தயவும் இல்லாமல் எழுந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் கடை கிடையாது என்று பேச்சு.

அரசு மருத்துவமனையில் நித்யஸ்ரீ என்ற பிசியோதெரபிஸ்ட் பெண், "முட்டிக்கு மேல இருக்கற தொடைச் சதை ஸ்ட்ராங் ஆனா, முட்டிக்கு லோடு குறையும்மா" என்றாள்.

"கதவு நெல ஆடுனா கனம் முச்சூடும் கீல் மேல வுழும். அதானேமா சொல்ற?" என்றார் அக்கா.

புரிந்தது சரி, பொறுமை வேண்டாமா? வீட்டுக்கு வந்து ஒரே நாளில் ஒரு வருடத்துக்கான உடற்பயிற்சியையும் செய்து தீர்த்தார். மறுநாள் முட்டி பன் மாதிரி வீங்கிவிட்டது. நித்யஸ்ரீ போட்ட திட்டில் அடங்கினார். கொஞ்சமாக, மெதுவாக, ஆனால் தினமும். அடிமேல் அடி வைத்தால் அம்மியே நகரும்போது அபிகாயில் நகர மாட்டாரா?

குரோம்பேட்டை பஸ் நிறுத்தத்து பெஞ்சில் கையை ஊன்றாமல் எழுவார், உட்காருவார், மறுபடி எழுவார். பஸ் வந்துவிட்டதென்று கூடவே எழுந்து ஏமாந்தவர்கள் உண்டு. கடையில் முட்டிக்கு அடியில் சாக்கைச் சுருட்டி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவார். விலை கட்டுப்படியாகவில்லை போலிருக்கிறது என்று வாடிக்கையாளர் தானே பத்து ரூபாய் ஏற்றிக் கேட்பார். அக்கா மறுப்பு சொல்வதில்லை. சாக்ஸில் கனத்துக்கென்று முதலில் ஒரு பூட்டுதான் இருந்தது. இரண்டாவது பூட்டு ஏறிய அன்று சந்தைக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் கட்டிலைப் பிடித்து எழுந்து பழகினார். பிறகு பிடிக்காமலும் எழுந்தார். சந்தையில் மட்டும் தைரியம் வரவில்லை. ஊரே பார்க்க விழுந்து தொலைத்தால் பிரிட்டோ சொன்னதுதான் சரி என்றாகிவிடும். அந்தப் பயத்தில் பொன்னுரங்கத்தின் கையையே பிடித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸும் நெருங்கிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை விமான நிலையத்துப் பக்கமிருந்து மழை கறுத்துக்கொண்டு வந்தது. முதல் தூறலிலேயே சந்தை அல்லோலகல்லோலப்பட்டது. பொன்னுரங்கம் தன் விசிறிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"கைய குடுக்கா, சீக்கிரம்."

"உன் சாமான் நனையுதுய்யா."

"நனஞ்சா நனையட்டும், நீ குடு."

அக்கா கை கொடுக்கவில்லை. ஒருபக்கமாகத் திரும்பி ஒரு முட்டியை ஊன்றினார். அடுத்த பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்தார். தொடை நடுங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு, உள்ளங்கையைத் தொடையில் அழுத்தி எழுந்தார். நேராக நின்றார்.

பொன்னுரங்கத்தின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அக்கா குனிந்து தார்ப்பாயின் ஒரு முனையை எடுத்து அந்தக் கையில் திணித்தார்.

"இன்னா பாத்துகினு நிக்கிற? இழு. உன் ஃபேனையும் சேத்து மூடலாம்."